பேணுவோரைப் பேணுதல்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, நம்மில் பலர் முதல் சில குறட்பாக்களோடு நிறைவடைந்து விடுகிறோம். அளவறிந்து உண்ணல், முன் உண்டது செரித்தபின் உண்ணல் ஆகிய கருத்துகளை விளக்கியதும் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் நின்று நோக்கத்தக்கது. அங்கே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக நோயாளியின் அருகிலிருந்து பணிபுரிபவனையும் சேர்க்கிறார். அவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்பதற்குப் பக்கம், அருகு என்று பொருள். மருத்துவனுக்கும் மருந்துக்கும் நிகரான இடத்தை அருகிலிருப்பவனுக்கும் தந்தது வள்ளுவரின் நுண்ணறிவு.

உரை வகுத்த பரிமேலழகர், இந்த உழைச்செல்வானிடம் இருக்க வேண்டிய பண்புகளையும் எடுத்துரைக்கிறார். நோயாளியிடம் அவன் அன்புடையவனாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இவை யாவும் அவனிடம் நாம் எதிர்பார்ப்பவை. அவன் நம்மிடம் எதிர்பார்க்கத்தக்கது என்ன? நோயாளியை அவன் பேணுகிறான். அவனைப் பேணுபவர் யார்? இந்த வினாவை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணியில் இருந்தும் இவ்வினா என் உள்ளத்தில் எழுந்ததில்லை. அதனை எழுப்பியவர் என் பழைய மாணவி ஒருவர். தாதிமைப் பணியின் பொருட்டு இங்கிலாந்து சென்று, அங்கேயே மணமுடித்துக் குடியேறியவர் அவர். மறதிநோயால் துன்புறும் தம் மாமியாரைக் கவனித்துக்கொள்வதற்காகத் தம் பணிநேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவர். விடுமுறைக்கு இங்கு வந்திருந்தபோது என்னைக் காண வந்தார். பேச்சினிடையே ஒரு நிகழ்ச்சியைக் கூறினார்.

அவர் வாழும் பகுதியின் ஊராட்சி மன்றத்திலிருந்து ஒருநாள் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வந்தாராம். மாமியாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி, இவர் அவரை உள்ளே அழைத்துச் செல்ல எழுந்திருக்கிறார். "உட்காருங்கள். இன்று நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாராம் வந்தவர். பின்னர் அவர் கேட்டவற்றுள் இரண்டு வினாக்கள் முதன்மையானவை. "இந்தப் பணியைத் தொடர்ந்து செய்ய உங்களால் முடிகிறதா? தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா?"

"ஐயா, முதல் கேள்விக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கோபந்தான் வந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள விருப்பமா என்று யாராவது கேட்பார்களா? ஆனால், அவர் போன பிறகு சமையலறையில் நின்று வெகுநேரம் அழுதேன். ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை" என்றார் அந்த மாணவி.

அந்தக் கோபத்திற்கும் கண்ணீருக்கும் இடையே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. முதியோரையும் நோயுற்றோரையும் பேணுவது கடமையானால், அக்கடமையைச் செய்பவரிடம் "முடிகிறதா? விருப்பமா?" என்று கேட்பது அக்கடமையை இழிவுபடுத்துவதா, பெருமைப்படுத்துவதா?

அவ்விரு வினாக்களும் அந்தப் பணியாளர் தாமாகக் கேட்டவை அல்ல. அந்நாட்டுச் சட்டம் அவரைக் கேட்கச் சொன்னவை. 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் பராமரிப்புச் சட்டம், ஊதியமின்றி உற்றாரைப் பேணும் ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தோன்றினாலே, அவருடைய நிலையை மதிப்பிட வேண்டிய பொறுப்பை ஊராட்சி மன்றத்தின்மீது சுமத்துகிறது. அவரால் முடிகிறதா, இனியும் முடியுமா, அவர் விரும்புகிறாரா, இனியும் விரும்புவாரா, அவருக்கு வேலைக்குச் செல்லும் எண்ணம் உண்டா, படிக்கவோ ஓய்வாகப் பொழுது கழிக்கவோ வழி இருக்கிறதா என்பனவற்றை மன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். தேவை உள்ளவர் என்று தெளிந்தால் உதவி புரியவும் வேண்டும். பேணுபவர் சில மணி நேரமோ சில நாள்களோ ஓய்வெடுக்க மாற்றாள் அனுப்புதல், நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் பயிற்சி அளித்தல், குளியலறையில் கைப்பிடி போன்றவற்றைப் பொருத்தித் தருதல், பேணுவோர் ஒன்றுகூடித் தம் துன்பங்களைப் பகிர்ந்துகொள்ள இடம் அமைத்தல், தேவையானதைத் தாமே தேர்ந்துகொள்ளப் பணம் வழங்குதல் முதலியன அவ்வுதவிகளுள் சில. சில இடங்களில் மன்றமே இவற்றைச் செய்கிறது. சில இடங்களில் தொண்டு நிறுவனங்களின் வழியாகச் செய்விக்கிறது.

இந்நிலை அந்நாட்டில் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மேரி வெப்ஸ்டர் என்னும் கிறித்துவப் போதகர் 1954ஆம் ஆண்டில் தம் பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் திருப்பணியை விட்டு வீடு திரும்பினார். மணமாகாத பெண்கள் பலர் தம்மைப் போலவே தொழிலையும் வருவாயையும் துறந்து பெற்றோரைப் பேணுகின்றனர் என்பதை 1963ஆம் ஆண்டில் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதி வெளிப்படுத்தினார். அவர்தம் முயற்சியால் 1965ஆம் ஆண்டில் அத்தகைய பெண்களுக்கென ஓர் அமைப்புத் தோன்றியது. 1976ஆம் ஆண்டில் பேணுவோருக்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது. ஆனால், மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய அரசின் எண்ணம்! தம் தாயைப் பேணிவந்த மணமான பெண் ஒருவர் வழக்குத் தொடுத்து, ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றதன் பயனாகவே 1986ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது. பேணுவோரின் நிலையைத் தனியே மதிப்பிடக் கோரும் உரிமை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்தே, நாம் மேலே கண்ட விரிவான சட்டம் நடைமுறைக்கு வந்தது.

'எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்' என்ற அந்தச் சொற்றொடரை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. அதை நாமும் நம் இல்லங்களில் வேறு சொற்களில் சொல்லி வருகிறோம். அதனைப் பின்னர்க் காண்போம்.

அங்கே எல்லாம் நிறைவாக நடக்கிறது என்று நான் கூறவில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊதியமின்றிப் பேணுவோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். மன்றங்களின் நிதியோ அத்தேவைக்கு ஈடுகொடுப்பதாக இல்லை. மதிப்பீட்டிற்கே பலர் காத்திருக்க நேர்கிறது. நடுவணரசு தரும் உதவித்தொகை, வாரத்திற்குக் குறைந்தது 35 மணி நேரம் பேணுவோருக்கு உரியது. 2025 ஏப்ரலில் அது வாரத்திற்கு 83 பவுன் 30 பென்சாக இருந்தது. கணக்கிட்டால் மணிக்கு இரண்டரைப் பவுனும் தேறாது. ஆயினும், சட்டத்தில் ஒரு வினா எழுதப்பட்டுவிட்டது. அதைக் கேட்கத் தவறினால் மன்றம் விடை சொல்லியாக வேண்டும். அதுவே அச்சட்டத்தின் சிறப்பு.

இனி, இக்கொள்கைக்கு எதிராக நம்மவர் எழுப்பக்கூடிய தடைகளை நோக்குவோம். முதல் தடை, அன்பை அலுவலகத்தில் பதிவு செய்யலாமா என்பது. தாய்க்குச் செய்யும் பணிக்குப் பணம் பெற்றால் அது கூலியாகிவிடாதா என்று கேட்பர். கூலி என்பது செய்த வேலைக்கு ஈடாகத் தருவது. மணிக்கு இரண்டரைப் பவுனும் தேறாத தொகையை எவரும் ஈடு என்று கருதமாட்டார். இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரை இரண்டு மணி நேரம் உறங்கச் செய்வதற்காக மாற்றாள் அனுப்புவதும் கூலியன்று. வயலில் உழுபவன் களைத்தபோது நீர் கொண்டுபோய்க் கொடுப்பதை நாம் கூலி என்பதில்லை அன்றோ?

இரண்டாம் தடை இதனினும் வலியது. "விருப்பமா?" என்று கேட்டால், "விருப்பமில்லை" என்று சொல்லும் வாயிலைத் திறந்துவிடுகிறோமே என்பது அது. கேட்காதவரை கடமை நடக்கிறது; கேட்டுவிட்டால் கடமையிலிருந்து தப்பிக்க வழி காட்டியதாகும் என்பர். இங்கே நாம் ஒன்றை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். மறுக்க இயலாத நிலையில் ஒருவர் செய்வதை நாம் பணி என்று சொல்லலாம்; சுமை என்றும் சொல்லலாம். அதனை அவருடைய அறம் என்று சொல்வதற்கு, அவர் அதனைத் தாமே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கப்படாதவருக்கு ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. ஆதலின் கேள்வி கேட்பது அறத்தைத் தளர்த்துவதன்று, அறத்திற்கு இடங்கொடுப்பது. மேலும், "என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொல்வாராயின், அது முன்னரே உண்மையாக இருந்த ஒன்று. கேள்வி அதை உண்டாக்கவில்லை, வெளியே கொணர்ந்தது. வெளியே வராதபோது அது மறைவதில்லை. நள்ளிரவில் நோயாளியின்மீது எழும் கடுஞ்சொல்லாக வேறு வழியில் வெளிப்படும்.

இவ்விடத்தில் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் சட்டம் ஒன்றும் ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்து பேணுவோருக்கான உரிமையைச் சட்டமாக்கிய அதே 1995ஆம் ஆண்டில், சிங்கப்பூர் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, 60 வயதைக் கடந்த பெற்றோர், தம் பிள்ளைகளிடமிருந்து வாழ்க்கைச் செலவைக் கோரிப் பெற அது வழி செய்தது. ஒரே ஆண்டில் தோன்றிய இரு சட்டங்கள் இரு வேறு மனிதரை நோக்கிப் பேசுகின்றன. சிங்கப்பூரின் சட்டம் கடமையை மறந்த பிள்ளைக்கு அதை நினைவூட்டுகிறது. இங்கிலாந்தின் சட்டம் கடமையை மறவாத பிள்ளையின் தோளைத் தாங்குகிறது. இவற்றுள் ஒன்று மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். சிங்கப்பூரும் இதனை உணர்ந்தது எனலாம். வீட்டில் பேணுவோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை 2019ஆம் ஆண்டில் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் அத்தொகையை உயர்த்தியும் வழங்கியது.

மறந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. நம் மேடைகளில் அவனைக் குறித்து முழங்காத பேச்சாளர் இல்லை. மறவாத பிள்ளையைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவ்வாறு பேசாதவர்களுள் நானும் ஒருவன். அதனை ஈண்டு ஒளிவின்றிக் கூறுதல் என் கடமை.

நாங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். தந்தை பால்மரம் சீவி எங்களை வளர்த்தார். தந்தை மறைந்தபின், 2006ஆம் ஆண்டில் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். அப்போது நான் வேறு மாநிலத்தில் துணைத் தலைமையாசிரியர். என் தங்கை ஒரு மின்னியல் தொழிற்சாலையில் பணிபுரிந்து வந்தார். அவருக்கு வயது 34, மணமாகவில்லை. மருத்துவமனையிலிருந்து தாயாரை வீட்டிற்கு அழைத்து வந்த அன்று, யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இருப்பதாகவே எவருக்கும் தோன்றவில்லை. 'தங்கை வீட்டில்தானே இருக்கிறாள்' என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம். அவர் வீட்டில் இல்லை. நாள்தோறும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். மறுவாரம் வேலையை விட்டார்.

தாயார் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். மாதந்தோறும் நான் பணம் அனுப்பினேன். பள்ளி விடுமுறைகளில் பழங்களும் பால்மாவும் வாங்கிக்கொண்டு சென்று, தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தேன். 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, வந்திருந்தோர் பலர் என் தோளைத் தொட்டு, "தாயைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்று ஆறுதல் கூறினர். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். தங்கை அப்போது வந்தவர்களுக்குத் தேநீர் கலந்துகொண்டிருந்தார்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஓய்வூதியத்திற்குரிய பணிக்காலம் கூடியது. தங்கையின் ஊழியர் சேமநிதிக் கணக்கில் 34ஆம் வயதோடு சந்தா நின்றுபோயிற்று. 43ஆம் வயதில் மீண்டும் வேலை தேடியபோது தொழிற்சாலைகள் அவரை ஏற்கவில்லை. ஒரே கடமையை இருவர் செய்ததாக ஊரார் எண்ணினர். அதன் விலையைச் செலுத்தியவர் ஒருவர்தாம்.

என் மாணவி வந்து சென்றபின் தங்கையிடம் இதைப் பற்றிப் பேசினேன். "அண்ணே, அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார். சிறிது நேரம் கழித்து, "கேட்டிருந்தால், மாதத்தில் இரண்டு நாளாவது நீங்கள் வந்து பாருங்கள் என்றும் சொல்லியிருப்பேன்" என்றார். நான் விடையிறுக்கவில்லை. அவருடைய சேமநிதிக் கணக்கில் இப்பொழுது மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்தி வருகிறேன். கடன் தீர்ந்தது என்று எண்ணிச் செலுத்தவில்லை. கடன் இருந்தது என்பதை மறவாதிருக்கச் செலுத்துகிறேன்.

கேள்வி கேட்பதன் பயன் யாதென அன்று எனக்குத் தெளிவாயிற்று. கேட்பவர் தாமும் ஒரு பொறுப்பை ஏற்கிறார். "முடிகிறதா?" என்று கேட்டவர், "முடியவில்லை" என்னும் விடையைக் கேட்டபின் வாளாவிருத்தல் இயலாது. நாங்கள் கேட்காதிருந்ததற்கு அன்பின்மை காரணமன்று. அந்த விடை எங்களையும் பிணைத்துவிடும் என்னும் அச்சமே காரணம் என்று இன்று எண்ணுகிறேன். தனி மனிதர் இவ்வாறு அஞ்சி ஒதுங்குவர் என்பதனால்தான், கேட்கும் பொறுப்பைப் பொதுமன்றம் ஒன்றிடம் ஒப்படைப்பது தக்கதாகிறது.

நம் நாட்டில் ஊராட்சி மன்றம் என்றதும் குப்பை அகற்றுதலும், வீட்டு வரியும், கடை உரிமமும் நினைவுக்கு வருகின்றன. பேணுவோரை நாடிச் சென்று கேட்கும் பொறுப்பு அவற்றிற்கு இல்லை. சமூகநல இலாகா, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும் உடற்குறையுடையோரையும் பேணுவோருக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. போற்றத்தக்க உதவிதான். ஆனால், அதை அறிந்து விண்ணப்பிக்க வேண்டியவர் பேணுபவரே. இரவும் பகலும் கட்டிலருகே நிற்பவருக்கு அலுவலகம் சென்று வரிசையில் நிற்க நேரமேது? அவர் வருவதற்காகக் காத்திருக்கும் உதவி ஒன்று; அவரைத் தேடிச் செல்லும் உதவி மற்றொன்று. பின்னதே நமக்கு இன்னும் வாய்க்காதது.

மன்றங்கள் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்குண்டு. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், பேணும் பணியில் ஈடுபட்டுள்ள சிறுவர்களைக் கண்டறிய முயல வேண்டும் என்று மன்றங்களைப் பணித்துள்ளது. அப்படியும் சிறுவர் உண்டோ என்று வியப்போர் தம் வகுப்பறையை ஒருமுறை பார்ப்பாராக. பல ஆண்டுகளுக்கு முன், நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் காலம் தாழ்த்தி வந்தாள். நான் அவளைச் சபைகூடும் நேரத்தில் தனியே நிற்கவைத்தேன். தாய் அதிகாலையில் வேலைக்குச் சென்றபின், நடக்க இயலாத பாட்டிக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு அவள் பள்ளிக்கு ஓடிவருகிறாள் என்பதை வகுப்பாசிரியர் சொல்லிப் பின்னர் அறிந்தேன். மாணவரின் இல்லச் சூழலை அறிக என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்திருந்தனர். தேர்வில் அதற்கு விடையும் எழுதியிருந்தேன். "ஏன் தாமதம்?" என்று அதட்டியது உண்டு. விடையை எதிர்பார்த்து ஒருநாளும் நான் அவளைக் கேட்டதில்லை.

அன்பார்ந்த ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த முறை மருந்து அதிகாரத்தைப் படிக்கும்போது அதன் இறுதிக் குறள்வரை செல்வோம். நம் வீட்டில் நான்காம் கூறாக நிற்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் அன்னையாக இருக்கலாம்; அத்தையாக, அக்காளாக இருக்கலாம்; நம் வகுப்பில் கடைசி வரிசையில் உறங்கி விழும் சிறுமியாகவும் இருக்கலாம். அவரைப் புகழ்வதற்கு முன் அவர் அருகே அமர்ந்து, அவரால் முடிகிறதா என்று கேட்போம். கேட்டபின், விடை எதுவாயினும் எழுந்து போகாமல் இருப்போம்.